புலால் குறைத்தலும் தன்னுரிமையும்

சென்ற பௌர்ணமியன்று தங்கவயலில் நடைபெற்ற தம்ம வகுப்பில் பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். அப்பொழுது இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். அவர் பெங்களூரில் கணினித் துறையில் பணிபுரிபவர். வார இறுதியில் தம் இல்லத்திற்கு வந்து செல்பவர். ஓராண்டுக் காலமாகப் புலாலை அறவே நீக்கியவர். "முதற் சீலத்தைக் காலையும் மாலையும் ஓதுகின்ற வீட்டில் இறைச்சிக் குழம்பு கொதிப்பது முறையாகுமா? இனி நம் வீட்டு அடுப்பில் அது ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது தம்மத்திற்கு இசைந்ததுதானே?" என்று அவர் வினவினார்.

அவருடைய பாட்டியாரும் அன்று வகுப்புக்கு வந்திருந்தார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவியாக அந்நகரில் வாழ்ந்து, 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டதையும் கண்டு, இன்று 78 வயதை எட்டியிருக்கும் மூதாட்டியார். அவர் இருந்த இடத்திலிருந்தே கூறினார்: "ஐயா, இவன் அப்பனுக்கு வேலை கிடைத்தபோது பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனோம். நீங்கள் என்ன சாப்பிடுகிறவர்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாலு வீட்டில் அப்படி நடந்தது. இப்போது அதே கேள்வியை என் பேரன் கேட்கிறான். வீடு மட்டும் என்னுடையது."

வகுப்பினர் சிரித்தனர், பின்னர் அமைதியாயினர். அன்று நேரம் போதாமையால் நாம் கூறிய விடை குறைவுடையதாயிற்று. அதனை ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றோம். இளைஞர் கேட்டது பொறுப்பைப் பற்றியது. மூதாட்டியார் கேட்டது உரிமையைப் பற்றியது. இவ்விரண்டும் பகையென்று எண்ணுவாரே பலர். புலால் உண்போருள் ஒரு சாரார், "என் சோறு என் உரிமை" என்று கூறி அத்துடன் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். புலால் மறுத்தாருள் ஒரு சாரார், உயிர்க்கொலை என்று வந்தபின் உரிமை என்ன உரிமை என்று சீறுகின்றனர். நம் நூல்கள் இவ்விரு சாராரையும் விட்டு வேறொரு வழியிற் செல்லக் காண்கின்றோம்.

சீலத்தின் சொல்லமைப்பு

முதற் சீலத்தை ஓதும்பொழுது நாம் இறுதியிற் கூறும் பாலிச்சொல் 'சமாதியாமி' என்பது. 'நான் ஏற்றுக்கொள்கின்றேன்' என்பது அதன் பொருள். தமிழ் இலக்கண வழக்கிற் கூறின், அது தன்மை ஒருமை வினைமுற்று, ஏவலுமன்று, வியங்கோளுமன்று. சீலத்தைக் குறிக்கும் 'சிக்காபதம்' என்னும் சொல்லும் கட்டளை என்று பொருள்படாது, பயிற்சிக்குரிய படி என்றே பொருள்படும். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பிக்குவின் முன்னிலையில் சீலத்தை வேண்டும்பொழுது 'நாங்கள் வேண்டுகின்றோம்' என்று பன்மையிற் கூறுகின்றோம். ஏற்கும்பொழுதோ 'நான்' என்று ஒருமைக்கு வந்துவிடுகின்றோம். விகாரையில் நூறு பேர் ஒரே குரலில் ஓதினாலும், ஒவ்வொருவரும் தத்தம் பொருட்டே ஓதுகின்றனர். ஒருவர் வாயால் மற்றொருவருக்காகச் சீலம் ஏற்க இயலாது. பேரனின் வாயால் பாட்டிக்கும் இயலாது.

அச்சீலம் விலக்குவது உயிர்க்கொலையை. உயிருள்ள ஒன்று இருத்தல், அஃது உயிருள்ளதென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு என ஐந்து உறுப்புகள் கூடியவிடத்தே கொலை முற்றுப்பெறுகிறது என்று பழைய உரையாசிரியர்கள் வகுத்தனர். உண்ணுதல் இவ்வைந்தில் இல்லை. ஆதலின் உண்பவனுக்கு யாதொரு பொறுப்பும் இல்லையென்று கூறுவாரும் நம்மவருள் உளர். அவ்வளவு எளிதில் அவர்கள் தப்பிவிட இயலாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வைசாலி நகரத்துச் சேனாபதி சீகன் முன்னர் நிகண்டரின் அடியவனாயிருந்து, பின்னர்ப் பகவன் புத்தரைச் சரணடைந்தவன். அவன் பகவனையும் சங்கத்தையும் விருந்துக்கு அழைத்தான். விற்பனைக்கு வந்த இறைச்சி உளதா என்று பார்த்துவருமாறு ஒருவனை அனுப்பினான். மறுநாள் விருந்து நடக்கையில், சீகன் ஒரு பெரிய விலங்கைக் கொன்று கோதமருக்கு உணவாக்கினான், அதனை அறிந்தும் அவர் உண்கின்றார் என்று நிகண்டர் பலர் தெருத்தெருவாய்க் கைகளை உயர்த்தி அழுதனராம். இந்நிகழ்ச்சியை ஒட்டியே, தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டாலும், கேட்டாலும், ஐயுற்றாலும் அவ்வூனைப் பிக்கு உண்ணலாகாது என்ற விதி பிறந்தது. இம்மூன்றினும் தூயதே திரிகோடி பரிசுத்தம் எனப்படும்.

இராசகிருகத்து மாந்தோப்பில் மருத்துவர் சீவகருக்குப் பகவன் கூறிய விடையும் இதுவே. ஆயினும் அச்சூத்திரத்தின் இறுதிப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. ததாகதருக்காகவோ அவர்தம் சீடருக்காகவோ ஓர் உயிரைக் கொல்பவன் ஐந்து இடங்களிற் பாவத்தை ஈட்டுகிறான் என்று பகவன் அங்குக் கணக்கிட்டுக் காட்டுகின்றார். 'அவ்விலங்கைக் கொண்டுவா' என்று சொல்வது முதலாவது. கழுத்திற் கயிறிட்டு இழுத்து வருகையில் அவ்விலங்கு படும் துன்பம் இரண்டாவது. 'கொல்' என்று சொல்வது மூன்றாவது. சாகும்பொழுது அது படும் துன்பம் நான்காவது. தகாத உணவைத் துறவிக்கு இடுவது ஐந்தாவது. கத்தி எடுக்கப்படுவதற்கு வெகு முன்பே, 'கொண்டுவா' என்ற ஒரு சொல்லிலேயே கணக்குத் தொடங்கிவிடுகிறது. கயிற்றின் துன்பமும் விடப்படவில்லை. இக்கணக்கை மறந்துவிட்டுத் திரிகோடியை மட்டும் நினைவில் வைத்திருப்பது நமக்கு வசதியாக இருக்கிறது!

இனித் தேவதத்தன் கதை. காட்டிலேயே வாழ்தல், பிச்சையேற்றே உண்ணல், கந்தலையே உடுத்தல், மரத்தடியிலேயே தங்கல், மீனும் ஊனும் உண்ணாமை ஆகிய ஐந்தையும் பிக்குகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுதும் கட்டாயமாக்க வேண்டும் என்று அவன் கேட்டான். பகவன் மறுத்துவிடுவார், அதனை வைத்து மக்களைத் தன்பால் இழுக்கலாம் என்பதே அவன் சூழ்ச்சி என்று விநய நூல் கூறுகிறது. பகவன், விரும்புகின்றவன் காட்டில் வாழட்டும், விரும்புகின்றவன் ஊரருகே வாழட்டும் என்றார். ஊனைப் பொறுத்துத் திரிகோடி விதியே போதும் என்றார். ஊன் உண்ணாதிருப்பதைப் பகவன் பழிக்கவில்லை. பிறர்மேல் அதனை ஏற்றுதலையே மறுத்தார். மிகத் தூய நோன்பு ஒன்று பிறரைக் கீழாக்கும் கருவியாகிச் சங்கத்தைப் பிளந்தது. வைசாலியைச் சேர்ந்த 500 இளம் பிக்குகள் தேவதத்தன் பின்னே போயினர் என்பது வரலாறு.

திருவோடும் பணப்பையும்

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, புலால் உண்ணும் அன்பர்கள் மகிழ்ந்திருப்பர். அவர்களிடம் நாம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். சீகனுக்கும் சீவகருக்கும் கூறப்பட்ட அவ்விதி யாருக்காக ஏற்பட்டது? கையில் ஓடேந்தி, இட்டதை ஏற்று, இது வேண்டும் அது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையையே துறந்தவருக்காக ஏற்பட்டது. தேர்வு இல்லாதவனுக்குத் தேர்வின் பொறுப்பும் இல்லை. நாமோ ஓடேந்தியவரல்லேம், பணப்பை ஏந்தியவர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடைமுன் வரிசையில் நின்று, "தொடைக்கறியாகக் கொடுங்கள்" என்று சுட்டிக் கேட்பவர். பிக்குவுக்கு அளித்த விலக்கை உபாசகன் எடுத்துப் போர்த்திக்கொள்வது, பிறர் காவியைக் கடன்வாங்கிக் கடைக்குப் போவது போன்றதே.

உபாசகன் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்தென அங்குத்தர நிகாயம் கூறும். படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்பன அவை. இறைச்சி விற்றல் உபாசகனுக்குத் தகாது. வாங்குதல் பற்றி அங்குப் பேச்சில்லை. இவ்விடைவெளி நெடுங்காலமாக அறிஞர்களை உறுத்தியே வந்திருக்கிறது. உண்பதற்கென்று வாங்குவார் இல்லையாயின் விலைக்குத் தருவாரும் இரார் என்னும் கருத்தைத் திருக்குறள் புலால் மறுத்தல் அதிகாரத்திற் கூறுகிறது. மகாயான நூலாகிய லங்காவதார சூத்திரமும் அதே வாதத்தைக் கொண்டுள்ளது. நமக்கோ இவ்வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. அதிலும் இக்காலத்துக் கோழிப்பண்ணையைக் கண்டவர் அதனை மறுக்க இயலாது. குஞ்சு பொரித்து ஏறக்குறைய ஆறு வாரங்களில் இரண்டு கிலோ எடையேற்றிக் கூண்டோடு வண்டியேற்றுகின்றனர். சென்ற வாரம் எத்தனை விற்றது என்பதே அடுத்த முறை எத்தனை குஞ்சுகள் விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. 'கொண்டுவா' என்று நாம் வாயாற் சொல்லவில்லை, பணத்தாற் சொல்கின்றோம்.

இன்னொன்று. ஆட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறியதையே புலால் குறைத்தலாகக் கருதுவார் சிலர். ஓர் ஆட்டிற் கிடைக்கும் இறைச்சிக்கு ஈடாக ஏழெட்டுக் கோழிகள் சாகவேண்டும். உயிரெண்ணிக்கையை நோக்கின் இது குறைத்தல் ஆகாது.

உணவும் நிலமும் பற்றிய கணக்குகளும் இப்பொழுது தெளிவாகிவருகின்றன. மனிதச் செயலால் வெளியாகும் வெப்பவாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பைச் சார்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது. மேய்ச்சல் நிலமும் தீவன நிலமும் சேர்த்து, உலக வேளாண் நிலத்தில் ஏறத்தாழ 83 விழுக்காடு இறைச்சி, பால், முட்டை, மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்குச் செலவாகிறதென்றும், அவற்றாற் கிடைக்கும் கலோரி 18 விழுக்காடே என்றும் 2018இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. இக்கணக்கிற் பாலும் சேர்ந்திருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடு நம் நாடு. எருமை இறைச்சியை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள்ளும் அதற்கு இடமுண்டு. கறவை நின்ற எருமையும், பால் தாராத கிடாக்கன்றும் எங்கே போகின்றன? பாலும் தயிரும் நெய்யும் உண்டு, தம் கை தூய்மையென்று நினைத்து, அண்டை வீட்டுக் குழம்பின் மணத்துக்கு மூக்கைப் பிடிப்பவர் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக. நம் இளைஞரும் தம் தயிர்ச்சோற்றின் முன் அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டியதே.

ஆயினும் 'குறைத்துக்கொள்க' என்னும் உலகப் பொது அறிவுரையை எல்லார் தட்டிலும் ஒரே அளவாகப் பரிமாற இயலாது. உலகில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 40 கிலோவுக்கு மேல் இறைச்சி செல்கிறது. இந்தியாவில் அது 10 கிலோவைக்கூட எட்டவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். நாள்தோறும் மூவேளையும் புலாலுண்ணும் செல்வர்க்குரிய அளவும், வாரத்தில் ஒருநாள் நான்கு துண்டு ஈரல் உண்ணும் கூலிப்பெண்ணுக்குரிய அளவும் ஒன்றாகமாட்டா. தேர்ந்தெடுக்கும் வசதி யாருக்கு மிகுதியோ, அவர் பொறுப்பும் அவ்வளவுக்கு மிகுதி.

அசோகர் கண்டது

ஒருவர் தாமே குறைத்துக்கொள்வதும் அரசு கட்டளையிட்டுக் குறைப்பதும் வேறுவேறு. இவ்விரண்டையும் செய்துபார்த்து, பார்த்ததைக் கல்லிற் பொறித்துவைத்த அரசர் ஒருவர் நமக்கு உண்டு. அசோகர் தம் முதற் பாறைக் கல்வெட்டில் தம் வீட்டுக் கதையையே கூறுகின்றார். முன்பு அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன. இக்கல்வெட்டுப் பொறிக்கப்படும்பொழுது மூன்றே உயிர்கள் கொல்லப்படுகின்றன. இரண்டு மயில், ஒரு மான். மானும் நாள்தோறும் இல்லை. இம்மூன்றும் இனிக் கொல்லப்படமாட்டா என்பது அதன் செய்தி. எத்துணை நேர்மை! ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக அவர் எழுதிக்கொள்ளவில்லை. எஞ்சியிருந்த மானையும் மயிலையும் மறைக்கவில்லை. 'குறைத்தல்' என்னும் சொல்லுக்கு இதனினும் பழைய சான்று இந்நாட்டில் தேடவேண்டியதே. கந்தகாரில் 1958இல் கண்டெடுக்கப்பட்ட கிரேக்க, அரமேய இருமொழிக் கல்வெட்டும், அரசர் உயிர்களை உண்ணாது விலகினார், பிறரும் விலகினர் என்று அரசரையே முதலில் வைத்துப் பேசுகிறது.

பின்னர்த் தம் ஆட்சியின் 26ஆம் ஆண்டில் அவர் சட்டமும் இயற்றினார். ஐந்தாம் தூண் கல்வெட்டில் கொல்லத்தகாத உயிர்களின் நீண்ட பட்டியல் காணப்படுகிறது. கிளி, மைனா, வௌவால், ஆமை முதலியன அதிலுள. சினையுற்ற ஆடும், பால் கொடுக்கும் பன்றியும், ஆறு திங்கள் நிரம்பாத குட்டிகளும் உள. குறிப்பிட்ட நாட்களில் மீன் விற்றலும் தடுக்கப்பட்டது. உயிர்கள் குடியிருக்கும் உமியைக் கொளுத்தலாகாது என்றும் உளது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டாதார் பற்றிய நூலில் எடுத்துக்காட்டியவாறு, பசு அப்பட்டியலில் இல்லை. நேர்ந்துவிடப்பட்ட காளையே உளது.

அதற்கு மறு ஆண்டு, அதாவது 27ஆம் ஆண்டில், ஏழாம் தூண் கல்வெட்டிற் பொறிக்கப்பட்டதே நம் வினாவுக்கு நேரான விடை. தோப்ராவில் நாட்டப்பெற்று, 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக்கால் தில்லிக்குக் கொண்டுவரப்பட்ட தூணில் மட்டுமே அது காணப்படுகிறது. மக்களிடையே தம்மம் வளர்ந்தது இரு வழிகளால் என்று அசோகர் கூறுகின்றார். ஒன்று நியமம், அதாவது கட்டளை; மற்றொன்று 'நிஜ்ஜத்தி', அதாவது எண்ணிப் பார்க்கச் செய்தல். இவ்விரண்டில் கட்டளையால் விளைந்தது சிறிது; எண்ணச் செய்ததால் விளைந்ததே பெரிது என்று அவரே தீர்ப்பும் கூறிவிடுகின்றார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் குறிப்பிடுவது, இன்ன இன்ன உயிர்களைக் கொல்லற்க என்று தாம் இட்ட அக்கட்டளையையே! பேரரசர் ஒருவர் தம் சட்டத்தைத் தாமே எடைபோட்டு, இதன் பயன் குறைவு என்று கல்லில் எழுதிய செய்தி உலக வரலாற்றில் மிக அரிது.

கட்டளை வழியைப் பற்றினோர் கதை வேறு. சப்பானில் பேரரசர் தென்மு 675ஆம் ஆண்டில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் சில திங்களில் உண்ணலாகாது என்று தடைவிதித்தார். ஆணைகள் பின்னரும் தொடர்ந்தன. ஊன் விலக்கும், தீட்டுப் பற்றிய அந்நாட்டு எண்ணமும் கலந்து, விலங்குகளைக் கொன்று தோல் பதனிடும் தொழிலோர் 'எத்தா' என இழிவாக அழைக்கப்பட்டு ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டனர். தோலாற் செய்த கவசமும் செருப்பும் அனைவருக்கும் வேண்டியிருந்தன, செய்தவர்தாம் வேண்டாதவராயினர். 1871இலேயே சட்டப்படி அவ்விழிவு நீக்கப்பட்டது. கருணையின் பெயரால் எழுந்த விதி, விலங்கைக் காத்ததாகக் கூறி மனிதனைத் தள்ளிவைத்தது. இதனை அயல்நாட்டுக் கதையாக நம் வாசகர் படிக்கமாட்டார் என்று அறிவோம்.

நம் காலத்துச் செய்திகளை மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச்சட்டத்தை 2003இல் திடீரென நடைமுறைப்படுத்த முற்பட்டபொழுது, கிராமத் தெய்வங்களுக்கு ஆடும் கோழியும் இடும் எளியோரே அச்சமுற்றனர். 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தபொழுது, எதை உண்பது, எதை உடுப்பது என்று அரசு தமக்குச் சொல்வதை எவரும் விரும்பார் என்னும் கருத்தை அவருள் ஒருவர் எழுதினார். அரசுக்கும், வீட்டுச் சொந்தக்காரருக்கும், தெருவிற் கூட்டமாய் வந்து பிறர் பானையைத் திறந்து பார்ப்பவருக்கும் "என் சோறு என் உரிமை" என்பது முழு விடையே. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூறவேண்டுவதில்லை. ஆனால் தன் மனம் தன்னைக் கேட்கும்பொழுது அது விடையாகாது. உரிமை பிறரிடம் கூறுதற்கு உரியது; இரவில் தனித்திருக்கையில் கயிற்றின் துன்பத்தை நினைப்பவனுக்கு அது துணைவராது.

அம்பேத்கர் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் அகிம்சையை விதியாகக் கொள்ளாது நெறியாகக் கொண்டு விளக்குகின்றார். நெறி மனிதனுக்குச் செயலுரிமையை விட்டுவைக்கிறது. விதி விட்டுவைப்பதில்லை என்பது அவர் கருத்து. கொல்லும் தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்றும் பிரித்துக் காட்டுகின்றார். அவ்வாறு கூறிய அவரே, 1927இல் மகாடு மாநாட்டில், செத்த விலங்கின் ஊனை விட்டுவிடுக என்று தம் மக்களிடம் கேட்டார். கட்டளையிட அவர் கையில் அதிகாரம் இல்லை. உடன்பிறந்தார் உடன்பிறந்தாரிடம் தன்மானத்தின் பொருட்டுக் கேட்டதாகவே அது அமைந்தது. அதே சொல்லை ஊர்ப் பெரியதனக்காரர் கூறியிருப்பின் அது வசவாகியிருக்கும்.

சாதுவன் சொன்ன அளவு

நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையில், ஆதிரை பிச்சையிட்ட காதையில், இப்பொருள் பற்றிய ஓர் உரையாடலே உளது. வகுப்பில் இதனைக் கூற மறந்தமைக்கு வருந்துகின்றோம்.

ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளையெல்லாம் இழந்து, வணிகருடன் கப்பலேறிச் செல்கையில் கலம் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையை அடைந்தான். தனியே வந்த இவ்வுடம்பு நமக்கு உணவாகும் என்று அவர்கள் அவனை எழுப்ப, அவனோ அவர்கள் மொழியிலேயே பேசினான். வியந்து அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். கள் காய்ந்துகொண்டிருக்க, ஊன் நாற, வெள்ளெலும்பு உலர்ந்து கிடக்கும் இடத்தில் தலைவன் அமர்ந்திருந்தான். விருந்தினனுக்குக் கள்ளும் ஊனும் இளம்பெண்ணும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் வேண்டாமென்றான். பெண்ணும் உணவும் இல்லையாயின் மனிதர் பெறும் பயன் யாது என்று தலைவன் சினந்தான். சாதுவன் வினையையும் மறுபிறப்பையும் அவனுக்கு விளக்கினான். உடம்பை விட்ட உயிர் எங்ஙனம் செல்லும் என்று கேட்டு நகைத்த தலைவனுக்கு அதற்கும் விடை கூறினான்.

இதன்பின் நிகழ்ந்ததே நாம் கவனிக்க வேண்டுவது. தலைவன் அடிவீழ்ந்து உள்ளதை உள்ளவாறு கூறினான். கள்ளையும் ஊனையும் விட்டால் இவ்வுடம்பில் உயிரை வைத்திருக்கும் வழி எமக்குத் தெரியாது, சாகுமளவும் யாம் செய்யத்தக்க அறம் எதுவோ அதனைக் கூறுக என்றான். கரைவழி வந்த விருந்தினனாகிய சாதுவன் அதற்குச் சினக்கவில்லை. நன்று கேட்டாய் என்றான். உன்னால் இயன்ற நெறியைக் கூறுகின்றேன் என்று தொடங்கி, கலமுடைந்து கரையேறும் மக்களைக் கொல்லாது காப்பாயாக என்றும், மூப்பால் தாமே இறக்கும் விலங்குகளின் ஊனன்றி வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதொழிக என்றும் கூறினான். தான் ஊனைத் தொடவில்லை. ஆயினும் தன் அளவைத் தலைவனின் தட்டில் வைக்கவில்லை. தலைவன் மனிதனைத் தின்பதை விட்டான். உயிரோடிருப்பதைக் கொல்வதை விட்டான். ஊனை முற்றும் விடவில்லை. இவ்வளவையும் அறமென்றே சாத்தனார் பாடிவைத்தார்.

ஈண்டு ஒன்று நம் சிந்தனைக்குரியது. சாதுவன் நாகருக்கு விட்டுவைத்த தானாய் இறந்த விலங்கின் ஊனையே, மகாடில் அம்பேத்கர் விடச் சொன்னார். ஒருவர்க்கு ஏறும் படியாக இருந்தது மற்றொருவர்க்கு இறங்கும் படியாகிவிட்டது. ஆதலின் எவர்க்கும் எக்காலத்தும் பொருந்தும் ஓர் அளவை எழுதி விகாரைச் சுவரில் ஒட்டுமாறு நம்மைக் கேட்கும் அன்பர்கள் எம்மை மன்னிக்க வேண்டும். அவ்வளவு நம்மிடம் இல்லை.

நம் சங்க அன்பர் சிலர் தாமே வகுத்துக்கொண்ட முறைகளை மட்டும் கூறுவோம். ஒருவர் நான்கு உபோசத நாட்களிலும் புலால் உண்பதில்லை. மற்றொருவர் வீட்டில் ஞாயிறு தவிர ஏனைய நாட்களில் மொச்சை, துவரை, கொள்ளு, கீரை என்று அமைத்துக்கொண்டனர். திருமண விருந்திற் புலாலைத் தவிர்த்து, அச்செலவிற் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கியவரும் உளர். புலால் நீங்காமல், பண்ணைக் கோழியை மட்டும் விட்டவரும் உளர். இவருள் எவரும் மற்றவர் வீட்டிற் சென்று உண்ண மறுப்பதில்லை. தமக்கு இயன்றதை மட்டும் உண்டு எழுகின்றனர்.

அவ்விளைஞரிடம் வகுப்பின் இறுதியில் நாம் ஒன்றே கேட்டோம்: "உம் பாட்டியார்க்கு இரத்தம் குறைவென்று மருத்துவர் ஈரல் உண்ணச் சொல்லியிருக்கின்றாரா?" சொல்லியிருக்கின்றார் என்று தலைகுனிந்து கூறினார். மூதாட்டியார் அவரைப் பார்த்து, "நீ கடைக்குப் போகவேண்டாம், கண்ணு, நானே போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எனக்குப் போதும். மற்ற நாளில் நீ தின்கிற கீரையும் களியும் நானும் தின்கிறேன். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்கட்கிழமை ஆக்கிக்கொள்கிறேன். ஆனால் என் அடுப்பு என் அடுப்புத்தான்" என்றார். "சரி, ஆயா" என்றார் இளைஞர். அடுத்த வகுப்பில் இரண்டாம் சீலத்தை ஆராய்வோம். அதற்கும் இருவரும் வருவதாகக் கூறியிருக்கின்றனர்.